ரேகைக்குக் குறுக்கே ஒரு கீறல்

போன மாதம் என் மருமகள் சாப்பாட்டு மேசையை நகர்த்தும்போது ஜன்னல் கம்பியில் உரசி அதில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. விரல் நீளம்கூட இருக்காது. அவள் போட்ட சத்தத்தில் யாரோ படியில் உருண்டுவிட்டார்கள் என்று நான் எழுந்து ஓடினேன். வந்து பார்த்தால் போனைக் கையில் வைத்துக்கொண்டு, பெங்களூரிலிருந்து பாலிஷ் போடுகிற ஆள் வருவானா, ஆன்லைனில் ஏதோ டப்பா வருதாமே அது நல்லதா என்று ஒரே விசாரணை.

நான் சமையலறைக்குப் போய், சட்னிக்கு வைத்திருந்த வறுக்காத வேர்க்கடலையில் ஒன்றை எடுத்தேன். தோலை நகத்தால் உரித்து, இரண்டாக உடைத்து, கீறலின் மேல் மரத்தின் ரேகையோடு தேய்த்தேன். கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துணியால் துடைத்தேன். கீறல் போன இடம் தெரியவில்லை.

"யம்மா! எங்க கத்துக்கினீங்க இத?" என்றாள்.

"பீரோவுல" என்றேன். அவளுக்கு அடுப்பில் வேலை இருந்தது, எனக்கும் அவ்வளவு நீளக் கதையை நின்றுகொண்டே சொல்ல முடியாது. அதனால் இங்கே உட்கார்ந்து சொல்கிறேன்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. ஆணி, கயிறு, தாழ்ப்பாள், பெயிண்ட், காவி, மெழுகு என்று வீட்டைக் கட்டவும் ஒட்டுப்போடவும் வேண்டியதெல்லாம் கிடைக்கும். பலகையில் நைனாவின் பெயர் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெயர்தான் அவருடையது. கடையை நடத்தியது அவருடைய தங்கை, என் அத்தை. நைனா முன்னால் உட்கார்ந்து "வாங்க, உக்காருங்க" என்று எல்லோரையும் நன்றாக வரவேற்பார். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று கேட்டால் உத்தரத்தைப் பார்ப்பார். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து ஊரிகம் லைன் வீடுகளுக்குப் போகிறவர்கள் வழியில் எங்கள் கடையில் நிற்பார்கள். நைனாவின் தோளுக்கு மேல் உள்ளே எட்டிப் பார்த்து "அக்கா இல்லியா?" என்பார்கள். இல்லையென்றால் "அப்புறம் வர்றேன்" என்று நடையைக் கட்டிவிடுவார்கள்.

அத்தைக்கு ஒரு குணம். வேலைக்கு ஆகாத சாமானை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டாள். ஒரு தடவை ஒருவர் கதவுக்கு நீள ஆணி கேட்டார்.

"கதவு இன்னா மரம்ணா?"

"மாமரம்."

"அப்போ இது வேணாம். பொளந்துக்கும். சின்னது தர்றேன், முனைய சொல்ப மழுக்கிட்டு அடிங்க."

"பெரிசு வித்தா உனக்குத்தானேக்கா நல்லது?"

"உங்க கதவு பொளந்தா எங்க கடைப் பேரும் சேந்து பொளக்கும். போங்கண்ணா."

அவர் சிரித்துக்கொண்டே சின்ன ஆணியை வாங்கிக்கொண்டு போனார். இப்படித்தான் அத்தை. பொய்ச் சாமானும் கிடையாது, பொய்ப் பேச்சும் கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அத்தைக்குக் கோலாரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெரிய ஜவுளிக்கடை வீடு. மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண்ணைப் பார்த்துவிட்டு, காபியை ஆற்றிக்கொண்டே இரண்டு விஷயம் சொன்னாள். முதலாவது, "எங்க வூட்டுப் பொம்பளைங்க கடையில காலு வைக்க மாட்டாங்க. உங்க பொண்ணு மகராணி மாரி உள்ளயே இருக்கலாம்." அடுத்தது, அவர்கள் வீட்டு வழக்கம். சீர் சாமான் புறப்படும் முன்னால் மாப்பிள்ளையின் அம்மா நேரில் வந்து, ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்து மஞ்சள் பொட்டு வைப்பாளாம். எதிலாவது ஒரு பின்னம், கீறலோ உடைசலோ, கைக்குத் தட்டுப்பட்டால் சீர் நகராது. புதுசு செய்து வரும்வரை முகூர்த்தம் தள்ளிப் போகும். அப்படித் தள்ளித் தள்ளிக் கடைசியில் நின்றே போன கல்யாணம்கூட அவர்கள் வகையில் உண்டாம். அதையும் பெருமையாகத்தான் சொன்னாள்.

"எங்க வூட்டுல அப்டி ஒரு கொறையும் வராதுங்க" என்றாள் என் அம்மா. நைனா தலையை ஆட்டினார். அத்தை காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கோ பொறாமை தாங்கவில்லை. ஆணி மூட்டையும் கயிற்றுக் கட்டும் தூக்கி அத்தையின் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. இனிமேல் வேலையே இல்லை, மகாராணி, கை மெத்தென்று ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

சீரில் பெரிய சாமான் பீரோதான். நல்ல தேக்கு. ஆசாரி எங்கள் வீட்டுப் பின்புறத்திலேயே தங்கி வேலை செய்து, பாலிஷ் ஏற்றி, கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். தேன் நிறத்தில் அப்படி ஒரு பளபளப்பு. அம்மா அதன் மேல் பழைய சேலையைப் போர்த்தி வைத்தாள். நான் நாள் முழுக்கச் சேலையைத் தூக்கித் தூக்கிக் கதவில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் முதல் கீறல் விழுந்ததும் எல்லோருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது.

கதவின் நடுவில், தலைமுடி இழை மாதிரி ஒரு கோடு.

"உன் வளையல்தானடி?" என்றாள் அம்மா.

"நான் பண்ணலம்மா."

"பின்ன? பீரோ தானே சொறிஞ்சிகினுச்சா?"

நான் செய்தால் செய்தேன் என்று சொல்கிற பிள்ளை. அடிக்குப் பயந்து ஒரு நாளும் மறைத்ததில்லை. செய்யாததற்குப் பழி ஏற்பதுதான் எனக்கு ஆகாது, இன்றைக்கும் ஆகாது. சீர் பார்க்க வருவதற்குள் இது சரியாகாவிட்டால் என்னை விட்டுவிட்டுத்தான் எல்லோரும் கல்யாணத்துக்குப் போவார்கள் என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். ஆசாரியைக் கூப்பிடவும் வழியில்லை. அவர் தங்கமான மனுஷன், ஆனால் வாயில் தாழ்ப்பாள் கிடையாது. சீர் பீரோவில் கீறல் என்று அவரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் கோரமண்டல் ஸ்டேஷன் வரைக்கும் சேதி போய்விடும். அங்கிருந்து ரயிலேறிக் கோலாருக்கும் போய் இறங்கும்.

இந்தக் கீறலை நானே அழித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். நேரே கடைக்குப் போனேன்.

"அத்தே, மரத்துல கீறல் வுழுந்தா இன்னா போடணும்?"

அத்தை கயிறு அளந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "எந்த மரம்?"

"நம்ம பீரோதான்."

கயிற்றைக் கீழே வைத்தாள். "நகம் வெச்சா மாட்டுதா?"

"மாட்டல."

"அப்போ பாலிஷ்தான் போயிருக்குது, மரம் போவல. வேர்க்கடலைய ஒடச்சித் தேய். ரேகையோட போ, ரேகைக்குக் குறுக்க போவாத."

சொல்லி முடித்ததும், சொல்லியிருக்க வேண்டாமே என்பதுபோல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதையெல்லாம் நின்று பார்க்க எனக்கு நேரமில்லை. ஓடினேன். தேய்த்தேன். துடைத்தேன். கோடு காணோம். அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அவள் குனிந்து பார்த்து, நிமிர்ந்து பார்த்து, "ம்" என்றாள். அந்த "ம்" எனக்குப் போதவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

சில நாள் போனது. இரண்டாவது கீறல் விழுந்தது. இது பாலிஷைத் தாண்டி மரத்துக்குள் இறங்கி, வெள்ளையாகப் பல்லைக் காட்டியது.

இந்த முறை அம்மாவுக்கே ஒரு சந்தேகம். கண் பட்டுப் பீரோ தானாக விரிசல் விடுகிறதோ என்று உப்பும் மிளகாயும் எடுத்து, பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்து அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. வந்த நெடியில் வீடு முழுக்க இருமியது, கடையில் நின்ற ஆள்கூட இருமினார். ஆகக் கண்ணும் இல்லை. மிச்சம் இருந்தது நான்தான்.

"அம்மா, எம்மாம் ஒசரத்துல கீது பாரு. எனக்கு எட்டவே எட்டாது!"

"ஸ்டூலு எதுக்கு இருக்குது?"

அம்மாவோடு பேசி யாரும் ஜெயித்ததில்லை. ஆனால் நான் உற்றுப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். இரண்டு கீறலும் ஸ்கேல் வைத்த மாதிரி நேர்க்கோடு. இரண்டும் ரேகைக்குக் குறுக்கே. பூனை பிறாண்டினால் மேலிருந்து கீழே இழுக்கும். வளையல் பட்டால் வளையும். கடைக்கு ஓடிப்போய் அத்தையிடம் ரகசியமாகச் சொன்னேன்.

"அத்தே, யாரோ வேணும்னே பண்றாங்க."

அத்தை ஆணிகளை அளவு பார்த்து டப்பாக்களில் பிரித்துக்கொண்டிருந்தாள். "அப்டியா? புடிச்சா இன்னா பண்ணுவே?"

"கையக் கடிச்சிடுவேன்."

அத்தை சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நான் விடவில்லை. "இப்ப நகம் மாட்டுது. வெள்ளையாத் தெரியுது. இதுக்கு இன்னா?" என்று கேட்டேன். அத்தை கையிலிருந்த ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, எதிரே வாடிக்கைக்காரர் நிற்பதுபோல, "டீத்தூளச் சுண்டக் காய்ச்சி வெக்கணும்" என்றாள்.

ஆசாரி விட்டுப்போன தேக்குத் துண்டு ஒன்று பின்புறத்தில் கிடந்தது. அதில் ஒரு கோடு கீறி, அதன் மேல் முதலில் டீயை வைத்துப் பார்த்தேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, எனக்கே தோன்றியது. நிறம் வெளிறிப் போயிருந்தது. இன்னும் சுண்டவிட்டேன். பிறகு கறுத்துப் போனது. தண்ணீர் விட்டு இளக்கினேன். நிறம் சேர்ந்த பிறகு, விளக்குத் திரியால் தொட்டுப் பீரோவின் கீறலில் மட்டும் வைத்து, காயவிட்டு, மேலே கடலை எண்ணெய் தடவினேன். மறுபடியும் கோடு காணோம்.

மெச்சுவாள் என்று அம்மாவைக் கூப்பிட்டால் அவள் சொன்னது இதுதான்: "அழிக்க இம்மாம் தெரிஞ்சவதான் கீறியும் இருக்கணும்."

அன்றைக்கு முடிவு செய்தேன், இனி பீரோவை விட்டு நகர்வதில்லை என்று. சீர் பார்க்கிற நாள் நெருங்கிவிட்டது. சாப்பிடுவது, பல்லாங்குழி ஆடுவது, பூத்தொடுப்பது எல்லாம் பீரோவில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான். யாராவது பக்கத்தில் வந்தால் முறைத்தேன். நைனாவையே ஒரு தடவை முறைத்தேன். அவர் பயந்துபோய்ச் சுற்றிக்கொண்டு போனார்.

மாப்பிள்ளையின் அம்மா வருகிற நாளும் வந்தது. காலையில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, குடத்தைத் தூக்கிக்கொண்டு வா என்று அம்மா பின்னாலிருந்து கத்தினாள். பீரோவை யாரை நம்பி விடுவது? அந்த வீட்டில் நான் சந்தேகப்படாத ஆள் ஒருத்திதான்.

"அத்தே, இங்கயே உக்காரு. நகரவே நகராத. யார்னா வந்தா கத்து."

"செரி" என்று அத்தை நான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

தண்ணீர் பிடித்துவிட்டு வந்தேன். அத்தை அங்கேயேதான் இருந்தாள். போர்த்திய சேலை மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது. தூக்கினேன். இடது கதவில், மேலே, கைநீளத்துக்கு ஒரு கீறல். ஆழமாக உழுதது மாதிரி.

"யாரு அத்தே வந்தாங்க?"

"யாரும் வரல. நான் பாத்துகினுதான் இருந்தேன்."

அத்தை பொய் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அன்றும் அவள் சொல்லவில்லை.

அம்மா வந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் என் கன்னத்தில் விட்டாள் ஒன்று. பிறகு, கோலார்க்காரி வந்ததும் அவள் காலில் விழுந்து நான்தான் செய்தேன் என்று சொல்ல வேண்டும் என்றாள். "அத்தை கல்யாணத்த நிறுத்தினவன்னு சாவற வரைக்கும் இந்தப் பேட்டை உன்னச் சொல்லட்டும். நீ பெரியவளானா உன்ன யாருடி கட்டுவான்?" என்றாள். அத்தை வாயைத் திறந்தாள். நைனா கடையிலிருந்து உள்ளே வந்து "இன்னா சத்தம்?" என்றார். அத்தை வாயை மூடிக்கொண்டாள்.

நான் அழவில்லை. அழுதால் கண் மறைக்கும், நிறம் தெரியாது. கடைக்குப் போய்த் தேன்மெழுகும் காவியும் எடுத்து வந்தேன். எண்ணெய் வைத்தாலும் டீ வைத்தாலும் இது மறையாது, பள்ளம் நிரம்ப வேண்டும். இவ்வளவும் எனக்கே புரிந்திருந்தது. கரண்டியில் மெழுகை உருக்கிக் காவியைக் கலந்து தேக்குத் துண்டில் வைத்துப் பார்த்தேன். செங்கல் மாதிரி சிவப்பு. சுரண்டிப் போட்டேன். மறுபடியும் கலக்கினேன். மஞ்சள் பூத்தது.

"வுடுடி. ஆவாது" என்றாள் அம்மா. அவள் குரலில் கோபம் போய்ப் பயம் வந்திருந்தது.

"ஆவும்" என்றேன்.

அத்தை கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் கன்னத்தில் அம்மாவின் விரல் பதிந்திருந்ததை அவள் பார்த்தாள். நான் மூன்றாம் தடவை கலக்கி, அதுவும் சேராமல், கரண்டியை மறுபடியும் அடுப்பில் வைத்தேன். அப்போது அத்தை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காவி ஜாஸ்தி" என்றாள் மெதுவாக. "வெளக்குக் கரி ஒரு துளி போடு."

போட்டேன்.

"இன்னும் துளி."

தேக்குத் துண்டில் வைத்தேன். மெழுகு எது மரம் எது என்று தெரியவில்லை.

கீறலில் மெழுகை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். ஆறியதும், மேலே நின்றதை வழிக்க ஒரு பழைய ரயில் டிக்கெட் வைத்திருந்தேன். கெட்டி அட்டை, மெழுகை வழிக்கும், பாலிஷைத் தொடாது. பிறகு பனியன் துணியால் ரேகையோடு தேய்த்தேன். கதவு ஆடாமல் அத்தை பிடித்துக்கொண்டாள். ஆனாலும் ஆடியது. "ஆட்டாத அத்தே!" என்று அதட்டினேன். அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். கட்டிலைத் தடவினாள், குத்துவிளக்கைத் தடவினாள், அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பீரோவுக்கு வந்தாள். மோதிரம் போட்ட கை இடது கதவின் மேலிருந்து இறங்கியது. நான் நிரப்பிய இடத்தில் ஏறி, நிற்காமல் கீழே போனது. "ஒரு பின்னம் இல்ல. பரவால்லியே" என்று சொல்லி, சரியாக அந்த இடத்திலேயே மஞ்சள் பொட்டு வைத்தாள்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குப் பரிசாகப் பட்டுப் பாவாடையும் வந்தது. கல்யாணத்தில் அதைக் கட்டிக்கொண்டு, அந்தப் பீரோவுக்கே நான்தான் சொந்தக்காரி மாதிரி நடந்தேன்.

அந்தப் பீரோ இன்னும் கோலாரில் அத்தையின் மகன் வீட்டில் நிற்கிறது. போகும்போதெல்லாம் இடது கதவைத் தடவிப் பார்ப்பேன். எங்கே என்று என் விரலுக்கே தெரியாது, அவ்வளவு சுத்தமான வேலை. அத்தை இருந்தவரைக்கும் அந்த வீட்டு ஜவுளிக்கடையில் கால் வைக்கவில்லை. நான் போனால் பிள்ளைகுட்டி விசாரிக்கும் முன்னால், "கடையில கயிறு இப்ப எந்தப் பக்கம் வெச்சிருக்கீங்க? ஆணி டப்பாவுக்கு மூடி போடறாரா உங்க நைனா?" என்பாள். நைனா போடுவதில்லை. இங்கே வாடிக்கைக்காரர்கள் "அக்கா இல்லியா?" என்று எட்டிப் பார்த்து, அப்புறம் வருகிறேன் என்று போய், அப்புறமும் வராமல் போனார்கள்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. எனக்கு மறக்காமல் நிற்பது அத்தை புறப்பட்ட நாள். வாடகைக் கார் கடை வாசலில் நின்றது. எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் அழவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து, என் உள்ளங்கையில் ஒன்றை வைத்து மூடினாள். கல்யாணப் பெண் கொடுக்கிறாளே, தங்கமோ என்னவோ என்று திறந்து பார்த்தேன். ஒரு ஆணி.

"கடைச் சாமான். அதோட டப்பாவுல போட்டுடு" என்றாள்.

இப்படி ஒரு நாளில் ஒற்றை ஆணிக்குக் கவலைப்பட என் அத்தையால்தான் முடியும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கார் போனதும் கடைக்குள் போனேன். ஆணியின் முனையில் தேன் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. துரு என்று நினைத்தேன். எண்ணெய்த் துணியால் துடைத்தேன், போகவில்லை. துருவாக இருந்தால் உதிரும், இது பாலிஷ் மாதிரி பற்றிக்கொண்டிருந்தது. நான் விடுகிற ஆளா? அது முழுக்கப் போகும்வரை தேய்த்து, புதுசுபோல் பளபளக்க வைத்து, அதன் டப்பாவில் போட்டு மூடினேன்.

வாசலில் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"கீறினது யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாமலே போச்சேம்மா" என்றேன். "புடிச்சிருந்தா கையக் கடிச்சிருப்பேன்."